பதினெட்டுப் பேர் யாருங்க?

2025 செப்டம்பர் 9ஆம் தேதி ராத்திரி. உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு தகவல்: கொங்கு நாட்டில் டீ குடிக்க டீக்கடைக்குப் போகமாட்டோம், பேக்கரிக்குத்தான் போவோம். டிவியில் குடியரசுத் துணைத்தலைவர் தேர்தல் முடிவு ஓடிக்கொண்டிருந்தது. சி.பி.ராதாகிருஷ்ணனுக்கு 452, சுதர்சன் ரெட்டிக்கு 300. கல்லாவில் இருந்த அண்ணன் கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "திருப்பூர்க்காரருங்க. கோயமுத்தூர் எம்பியா ரெண்டு தடவ இருந்தவரு. துணை ஜனாதிபதிதானுங்களே ராஜ்யசபாவுக்குத் தலைவரு? இனி அந்தச் சபையே நம்மாளு கையிலதானுங்க."

வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்ணா, அந்தச் சபையில தமிழ்நாட்டு ஆளுங்க எத்தன பேருங்க? யாராருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கமல் இருக்காருங்க" என்றார் உடனே. பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர் "வைகோ" என்றார். அவர் காலம் ஜூலையிலேயே முடிஞ்சு போச்சுங்க என்றேன். "சிதம்பரம்" என்றார் இன்னொருவர். "இளையராஜா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவர் ஜனாதிபதி நியமித்தவர், தமிழ்நாட்டுக் கணக்கில் வரமாட்டார் என்றேன். "அப்ப நீங்களே சொல்லிப்போடுங்க தம்பி" என்றார்கள். நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து ஒன்பதில் நின்றேன். தமிழ்நாட்டுக்கு ராஜ்யசபாவில் 18 இடம். அரசியல் கட்டுரை எழுதுகிறவன், தினமும் நாலு பத்திரிகை மேய்கிறவன், எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது.

அந்தக் கடையில் இருந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் கிடையாது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் இந்த வருஷம் எந்த மண்டலத்துக்குத் தண்ணி, எத்தனை சுற்று, எந்த மடை எந்தத் தேதியில் அடைப்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணி அவர்கள் காட்டுக்கு வந்து சேருகிறது, அதனால் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பதினெட்டுப் பேர் யார் காட்டுக்கும் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. டெல்லியைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, திட்டில் பெரும் பங்கு சென்னைக்குத்தான் போய்ச் சேரவேண்டும் என்று ஆகிவிட்டது.

முதலில் டெல்லியின் பங்கு.

மாநிலங்களவை என்று பெயர். மாநிலங்களின் அவை. ஆனால் அமெரிக்க செனட் மாதிரி எல்லா மாநிலத்துக்கும் சமமான இடம் கிடையாது. மக்கள்தொகையில் முதல் ஐம்பது லட்சம் வரை பத்து லட்சத்துக்கு ஒரு இடம், அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஒரு இடம் என்று ஆரம்பத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். சின்ன மாநிலத்துக்குக் கொஞ்சம் சலுகை, அவ்வளவுதான். இன்றைக்கு உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, நாகாலாந்துக்கு 1. ஜெர்மனியின் மேலவையான புண்டஸ்ராட்டில் மாநில அரசே தன் அமைச்சர்களை அனுப்பி உட்கார வைக்கிறது. ஒரு மாநிலத்தின் வாக்குகள் எல்லாம் ஒரே பக்கம்தான் விழவேண்டும். இங்கே சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், போகிறவர் கட்சிக்காரராகப் போகிறார், கட்சி கொறடா சொல்கிற பக்கம் கை தூக்குகிறார்.

அரைகுறையாகவாவது ஒரு கட்டு இருந்தது. எந்த மாநிலத்திலிருந்து போகிறாரோ அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கவேண்டும். மன்மோகன் சிங் 1991இல் அசாமிலிருந்து போனபோது குவாஹாத்தியில் ஒரு முகவரி காட்டவேண்டியிருந்தது. அது பொய்க் கட்டுதான், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திருமணத்துக்கு வருகிற மாப்பிள்ளை மொய்க் கவருக்காகவாவது சட்டைப் பையைத் தடவுகிற மாதிரி ஒரு மரியாதை. 2003இல் வாஜ்பாய் அரசு சட்டத்தைத் திருத்தி அதையும் எடுத்துவிட்டது. இந்தியாவில் எந்த மூலையில் வாக்காளராக இருந்தாலும் போதும். அதோடு சேர்த்து, ஓட்டுப் போடும் எம்எல்ஏ தன் சீட்டைக் கட்சியின் ஏஜென்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போடவேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். குதிரை பேரத்தைத் தடுக்கவாம். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்குப் போட்டார். 2006இல் உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் பிரதிநிதி அந்த மாநிலத்தில் வசிக்கவேண்டும் என்று அரசியலமைப்பு கேட்கவில்லை என்று தள்ளிவிட்டது.

இதன் விளைவு எங்கள் ஊர்ப் பக்கமே நன்றாகத் தெரியும். உடுமலையிலிருந்து பஸ் ஏறினால் அடுத்த பெரிய ஊர் தாராபுரம். 2021 சட்டமன்றத் தேர்தலில் எல்.முருகன் அங்கே நின்று ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். ஜூலையில் மத்திய அமைச்சர் ஆனார். செப்டம்பரில் ராஜ்யசபா உறுப்பினர் ஆனார், மத்தியப் பிரதேசத்திலிருந்து. 2024இல் நீலகிரியில் நின்று மறுபடி தோற்றார். அந்த வருஷமும் ராஜ்யசபா, அதே மத்தியப் பிரதேசம். நாமக்கல் பக்கத்துக்காரர், கொங்குக்காரர், எங்கள் ஆள் அமைச்சராக இருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மத்தியப் பிரதேசத்துக்காரனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவனுக்கு இருப்பது 11 இடம், அதில் ஒன்று போச்சு. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரம், பிறகு கர்நாடகம். ஜெய்சங்கர் குஜராத். காங்கிரஸ் மட்டும் யோக்கியமா? அபிஷேக் சிங்வி ராஜஸ்தானிலிருந்து போனார், மேற்கு வங்காளத்திலிருந்து போனார், 2024 பிப்ரவரியில் இமாச்சலத்தில் நின்று 34–34 என்று சமமாகி குலுக்கலில் தோற்றார், ஆகஸ்டில் தெலங்கானாவிலிருந்து உள்ளே போய்விட்டார். ஆறு மாதத்துக்குள் இமாச்சலத்தின் ஆப்பிளும் தெலங்கானாவின் பருத்தியும் ஒருவர் மனசுக்குள் எப்படி இடம் மாறிக்கொள்ளும் என்று தெரியவில்லை.

சரி, டெல்லி கட்சிகளுக்கு மாநிலம் என்பது ஒரு நுழைவாயில்தான். அவர்கள் மாநில உரிமை பேசிக் கட்சி வளர்த்தவர்கள் இல்லை. நாம் பேசினோம். 1967இலிருந்து பேசுகிறோம். மாநில சுயாட்சி என்று மாநாடு போட்டோம், தீர்மானம் போட்டோம், கமிட்டி போட்டு அறிக்கை வாங்கினோம். அந்த அவைக்கு நாம் ஆள் அனுப்பும் லட்சணத்தைப் பார்ப்போம்.

2019 பிப்ரவரி. மக்களவைத் தேர்தலுக்கான கூட்டணி ஒப்பந்தம். அதிமுக பாமகவுக்கு ஏழு மக்களவைத் தொகுதியும் ஒரு ராஜ்யசபா இடமும் தந்தது. மார்ச்சில் திமுக மதிமுகவுக்கு ஒரு மக்களவைத் தொகுதியும் ஒரு ராஜ்யசபா இடமும் தந்தது. ராஜ்யசபா இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டியது 2016இல் மக்கள் அனுப்பிய சட்டமன்றம். அந்தச் சட்டமன்றத்தில் பாமகவுக்கு எத்தனை எம்எல்ஏ? பூஜ்யம். மதிமுகவுக்கு? பூஜ்யம். 2024 மார்ச்சில் திமுக மக்கள் நீதி மய்யத்துக்கு மக்களவையில் ஒரு இடமும் தராமல், 2025இல் ஒரு ராஜ்யசபா இடம் என்று எழுதிக் கொடுத்தது. 2021 சட்டமன்றத்தில் மய்யத்துக்கு எத்தனை எம்எல்ஏ? அதுவும் பூஜ்யம். கமல்ஹாசன் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றவர். தேமுதிகவின் கதை இன்னும் ருசி. எங்களுக்கு ராஜ்யசபா சீட்டு தருவதாகச் சொன்னார்களே என்று அவர்கள் கேட்க, 2025இல் இல்லை, 2026இல் தருகிறோம் என்று அதிமுக அறிவித்தது. தீபாவளிச் சீட்டுக்காரரிடம் தவணை தள்ளிக் கேட்கிற மாதிரி.

அரசியலமைப்பின் 80ஆவது பிரிவு, மாநிலத்தின் பிரதிநிதிகளைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கவேண்டும் என்கிறது. உடுமலையில் நான் எம்எல்ஏவுக்குப் போடும் ஓட்டு, அவர் வழியாக ராஜ்யசபாவுக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தக் கணக்கில் எனக்கும் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான். ஆனால் அந்த ஒரு ஆள் ஓட்டுப் போடுகிறாரா? தமிழ்நாட்டில் ராஜ்யசபாவுக்குக் கடைசியாக ஓட்டுப்பெட்டி வைத்தது 2013 ஜூனில். ஆறு இடத்துக்கு ஏழு பேர் நின்றார்கள். அதன் பிறகு 2014, 2016, 2019, 2020, 2022, 2025 எல்லாமே போட்டியின்றித் தேர்வு. ஆறு இடத்துக்குத் தேர்தல் என்றால் ஒருவருக்கு 34 எம்எல்ஏ வேண்டும். யாருக்கு எத்தனை என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். ஆறு பேர் மனு, ஆறு பேர் சான்றிதழ், சால்வை, போட்டோ. 2016இல் முதல் தடவை எம்எல்ஏ ஆகி 2021இல் மறுபடி ஜெயித்த ஒருவர், ராஜ்யசபாத் தேர்தல் ஓட்டுச்சீட்டைக் கண்ணால் பார்க்காமலே 2025ஐத் தாண்டியிருக்கிறார்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். கேட்கவேண்டும். எந்தக் கட்சி கொடுத்தால் என்ன, உள்ளே போகிறவர் நல்லவராக இருந்தால் போதாதா?

2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா ராஜ்யசபாவில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்த 125இல் அதிமுகவின் 11 பேரும் பாமகவின் ஒருவரும் உண்டு. இந்தப் பன்னிரண்டும் எதிர்த்து விழுந்திருந்தால் 113–117. மசோதா தோற்றிருக்கும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றிலிருந்தும் வந்த, முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் குடியுரிமை வழி திறந்த சட்டம் அது. முஸ்லிம்களை வெளியே நிறுத்தியது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்களையும், இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும், வெளியே நிறுத்தியது. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அவர்கள் இருக்கிறார்கள். அதைச் சட்டமாக்க மாநிலங்களின் அவையில் வித்தியாசத்தைத் தந்தது தமிழ்நாட்டின் பன்னிரண்டு கைகள்.

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் கொங்குப் பக்கத்து முகாம் ஒன்றில் பிறந்தவன். அப்பா அம்மா 1990இல் படகில் வந்தவர்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும் என்பது சட்டம், அதனால் அவன் இங்கேயே பிறந்தும் இந்தியன் கிடையாது. எங்களோடு பழகிப் பழகிக் கொங்குத் தமிழே பேசுவான். கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் தமிழ் வரும். அன்றைக்கு ராத்திரி போனில் கூப்பிட்டான். "உங்கட ஆக்கள்தானே மச்சான் கை தூக்கினவை" என்றான். எங்க ஆளு யாருடா, எனக்கு அவங்க பேரே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவனுக்கு ஓட்டில்லை. எனக்கு இருக்கிறது. எனக்குப் பேர் தெரியாது என்பது அவனிடம் சொல்லக்கூடிய சமாதானமா?

அந்தப் பன்னிரண்டாவது கை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். பிப்ரவரியில் கூட்டணிக்கு விலையாகப் பேசப்பட்ட இடம். மே மாதம் அந்தக் கூட்டணியில் பாமக நின்ற ஏழு தொகுதியிலும் தோற்றது. விலை கொடுத்து வாங்கிய சரக்கு விற்கவில்லை. ஆனாலும் கொடுத்த வாக்குப்படி ஜூலையில் இடம் போனது. டிசம்பரில் அது குடியுரிமையின் மேல் ஓட்டாக விழுந்தது. கூட்டணி பேசிய மேசையில் யாராவது முகாமைப் பற்றி யோசித்திருப்பார்களா? வட மாவட்டத்து ஓட்டுக் கணக்கைத்தான் யோசித்திருப்பார்கள். மிச்சம் பதினொரு பேர்? அவர்கள் யாரும் தங்களைத் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்கு வந்து ஏன் இப்படி வாக்களித்தோம் என்று சொல்லவேண்டிய கட்டாயம் எந்த விதியிலும் இல்லை. 2021 தேர்தல் அறிக்கையில் அதே அதிமுக, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. எரித்துவிட்டுத் தீயணைப்புக்குப் போன் போடுகிற வேலை.

அதிமுகவை மட்டும் சொல்லி நிறுத்தினால் திமுக நண்பர்கள் இந்தக் கட்டுரையை மகிழ்ச்சியோடு பகிர்வார்கள். வேண்டாம். இந்த இடங்களைக் கூட்டணிச் சில்லறையாகப் புழங்கவிட்டதில் இரண்டு பேருக்கும் சம பங்கு. மேலவை என்பதையே கொல்லைப்புற வாசலாகப் பார்க்கும் பழக்கம் இங்கே பழையது. 1952இல் ராஜாஜி தேர்தலில் நிற்காமல் மேலவை நியமனம் வழியாக முதலமைச்சர் ஆனார். 1986இல் வெண்ணிற ஆடை நிர்மலா நியமனத்தில் சிக்கல் வந்ததும் எம்ஜிஆர் மேலவையையே கலைத்துவிட்டார். வாசலாகப் பயன்பட்டால் வைத்துக்கொள், தொல்லை கொடுத்தால் செங்கல் வைத்து அடைத்துவிடு. அந்த அவையில் என்ன பேசவேண்டும் என்று எப்போது யோசித்தோம்?

இதற்கு எப்போதும் ஒரு பதில் வரும்: அண்ணா. 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா ராஜ்யசபா வழியாகத்தான் டெல்லிக்குப் போனார். அந்த வழி இல்லையென்றால் திராவிட நாடு பற்றிய அந்தப் பேச்சை நாடாளுமன்றம் கேட்டிருக்காது. உண்மை. தோற்றவர் போகக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு அண்ணாவுக்குப் பின்னால் ஐம்பது திமுக எம்எல்ஏக்கள் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன் கட்சியின் சொந்த ஓட்டில் போனார். போனதும் டெல்லிக்குப் பிடிக்காததைப் பேசினார், அடுத்த வருஷமே பிரிவினைப் பேச்சைத் தடுக்க அரசியலமைப்பைத் திருத்தும் அளவுக்குப் பேசினார். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரலில் ராஜ்யசபா நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று அப்படி நிறைவேறிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்யமுடியும் என்பதற்கு இவை சாட்சி. இவற்றைக் காட்டி மற்ற ஒப்பந்தச் சீட்டுகளுக்கெல்லாம் நியாயம் தேடுவதுதான் எரிச்சல்.

நம் இலக்கியக் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. 2025இல் சல்மா தேர்ந்தெடுக்கப்பட்டபோது நாம் எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம். நானும் போட்டேன். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எழுதியவர் அந்த அவையில் உட்காருவதைப் பார்க்க மகிழ்ச்சிதான், இன்னமும் மகிழ்ச்சிதான். ஆனால் கவிஞர் போகிறார் என்றதும் நம் கேள்விகள் எல்லாம் எங்கே போயின? யார் முடிவு செய்தது, எங்கே முடிவு செய்தது, நம் எம்எல்ஏவை யாராவது கேட்டார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுத்தாளர் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஆர்.கே.நாராயண் இருக்கிறார். நியமன உறுப்பினர். 1989இல் எழுந்து பள்ளிக் குழந்தைகளின் புத்தகப் பை கனத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு தொட்டுவைத்த விவாதம் யஷ்பால் கமிட்டி வரைக்கும் போனது. டெண்டுல்கரும் நியமன உறுப்பினர்தான். அவர் எத்தனை நாள் வந்தார் என்று நாடே எண்ணிக்கொண்டிருந்தது. சல்மாவிடம் நாம் வாசகர்களாகக் கேட்கவேண்டியது அடுத்த நாவலை மட்டும் இல்லை. அந்த அவையில் முகாம் பற்றி, கூட்டாட்சி பற்றி அவர் என்ன பேசுகிறார் என்பதையும் அதே அக்கறையோடு படிக்கவேண்டும்.

ஏன் இப்போது இவ்வளவு அவசரம்? மக்களவைத் தொகுதிகளின் மாநிலவாரிப் பங்கு 1971 கணக்கெடுப்போடு உறைந்து நிற்கிறது. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்போடு அந்த உறைவு முடிகிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனையா என்று 2025 மார்ச்சில் சென்னையில் முதலமைச்சர்களைக் கூட்டிப் பேசினார்கள். நியாயமான கேள்வி. கீழவையில் பங்கு குறைந்தால் அடுத்த அரண் எது? மாநிலப் பட்டியலில் இருக்கிற ஒரு விஷயத்தில் நாடாளுமன்றம் சட்டம் செய்யவேண்டுமென்றால், 249ஆவது பிரிவின்படி ராஜ்யசபா மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் அனுமதிக்கவேண்டும். அந்த அதிகாரம் மக்களவைக்கே கிடையாது. ஆக, மாநில உரிமையின் ஒரு சாவி அந்த 245 பேர் கையில். நம் பங்குச் சாவியை நாம் கூட்டணிக் கட்சிக்குத் தவணையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர் விஷயம் ஒன்று சொல்கிறேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 1970இல் ஆனது. ஆனைமலையாறு–நல்லாறு திட்டம் வேண்டும் என்று உடுமலை, பொள்ளாச்சி விவசாயிகள் கேட்டுக் கேட்டுத் தலை நரைத்துவிட்டது. அதற்குக் கேரளம் ஒத்துக்கொள்ளவேண்டும். இரண்டு மாநிலத்து ஆட்களும் மாநிலத்தின் பெயரால் ஒரே கூரைக்கடியில் உட்காரும் இடம் ராஜ்யசபா. தமிழ்நாட்டுக்கு 18 பேர், கேரளத்துக்கு 9 பேர். இந்தத் தண்ணியைப் பற்றி அவர்களில் யாரிடம் போய்ப் பேசலாம் என்று எங்கள் வாய்க்கால் பாசனக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கலெக்டர் என்பார், எம்எல்ஏ என்பார், பொள்ளாச்சி எம்பி என்பார். ராஜ்யசபா என்று ஒருவர் வாயிலும் வராது.

பெரிய அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை, நம் கையில் இருப்பதையே செய்யலாம். வேட்பாளர் பெயரை அறிவிப்பதற்கு முன் கட்சி தன் எம்எல்ஏக்களைக் கூட்டி நிஜமாகவே ஓட்டெடுக்கட்டும். சட்டமன்றத்தில் ஒரு எம்எல்ஏகூட இல்லாத கட்சிக்கு இடம் தருவதாக இருந்தால், அவரைத் தருவதால் தமிழ்நாட்டுக்கு என்ன என்று அந்த எம்எல்ஏக்களுக்கு விளக்கட்டும். பதினெட்டுப் பேரும் வருஷத்துக்கு ஒருமுறை தமிழ்நாட்டு மக்கள் முன்னால், எந்த மசோதாவுக்கு ஏன் அப்படி வாக்களித்தோம் என்று கணக்குச் சொல்லட்டும். சுயாட்சி பேசும் கட்சிக்கு இதைச் செய்ய டெல்லியின் அனுமதி தேவையில்லை.

இதையெல்லாம் போன மாதம் அதே பேக்கரியில் எங்கள் வார்டு கட்சிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இந்த விஷயத்தில் எல்லாரும் ஒன்றுதான். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றதெல்லாஞ் செரிதானுங்க தம்பி. ஆனா அதெல்லாம் மேல இருந்து வர்றதுங்க" என்றார். மேலே என்றால் யாருங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் தன் மொபைலை எடுத்து, கட்சியின் ராஜ்யசபா உறுப்பினர்கள் யார் யார் என்று கூகுளில் தேட ஆரம்பித்தார்.